நீரோவின் தாடையும் உன் கன்னமும்

மாப்ளே, இன்று காலை ஸ்டுடியோவுக்கு வந்த ஒருவர், "அண்ணே, போட்டோவுல கன்னத்தை மட்டும் கொஞ்சம் நெறைச்சு விடுங்க, வீட்டுக்கு அனுப்பணும்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறவன் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவர் முகம் சுண்டிப்போய் வெளியேறினார். குவைத்தில், அதுவும் ஃபர்வானியாவில் ஸ்டுடியோவுக்கா பஞ்சம், பக்கத்துக் கடையில் செய்துகொண்டிருப்பார். அதன்பிறகு எனக்குத்தான் வேலை ஓடவில்லை.

உன் கஃபீல், அந்தப் பெரிய வீட்டு முதலாளி, தன் பழைய நாணயங்களைப் படமெடுக்க என்னைக் கூப்பிட்டாரே, அந்த நாள்தான் நினைவில் ஓடியது. அங்கே வீட்டு வேலை பார்த்த நீதான் மேசை விளக்கைப் பிடித்தாய். நேரே வெளிச்சம் அடித்தால் காசில் முகம் தட்டையாகிவிடும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடி என்றேன். சாய்த்ததும் ரோமாபுரி ராஜா நீரோ எழுந்து வந்தான். முதல் காசில் மெலிந்த கழுத்தோடு பதினாறு பதினேழு வயது முகம், எதிரே அவன் அம்மா. அடுத்தடுத்த காசுகளில் கழுத்து தடித்தது. கடைசிக் காசில் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை.

"ரோம் எரியையில பிடில் வாசிச்சாம்னு பள்ளிக்கூடத்துல படிச்சமே, அவனாடா இவன்?" என்றாய். பிறகு கூடத்தில் மாட்டியிருந்த ஓவியத்துக்கு இழுத்துப் போனாய். அவன் செத்து எத்தனையோ நூறு வருடம் கழித்து யாரோ வரைந்ததன் நகல். அதில் ஒட்டிய கன்னமும் வெறிபிடித்த கண்ணுமாக, எரியும் ஊருக்கு முன்னால் யாழ் போன்ற எதையோ மீட்டிக்கொண்டிருந்தான்.

"வரைஞ்சவன் இவனைப் பாத்ததே இல்ல மாப்ள. கதையக் கேட்டுட்டு மூஞ்சி செஞ்சிருக்கான். காசுல உள்ளவன் பரவால்ல, தொங்குற தாடையக்கூட மறைக்கல" என்றாய்.

இவ்வளவு பேசியவன் என்ன செய்தாய்? அடுத்த வருடம் சர்க்கரை உன்னை உருக்கத் தொடங்கியதும் நேரே என் கடைக்கு வந்தாய். "அவ பாத்தா பயந்துருவா. பழைய மாதிரி ஆக்கிக் குடுடா." பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று மூன்று வருடம் உன் கன்னங்களை நான் கம்ப்யூட்டரில் நிரப்பினேன். லீவில் போகச் சொன்னால், ஊரில் கட்டுகிற வீடு பூசி முடியட்டும் என்பாய். படத்தைப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறார் என்று உன் மனைவியும் வற்புறுத்தவில்லை. நண்பனுக்கு உதவுகிறேன் என்ற பெருமை வேறு எனக்கு.

உன் உடலை வைத்த பெட்டி ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று அவள் போன் செய்தாள்.

"அண்ணே, ஆளு மாறிப்போச்சுண்ணே. இது அவரு இல்ல. எம்பசி ஆபீஸ்ல சொல்லித் தேடச் சொல்லுங்க."

அவள் அழவில்லை. நீ எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறாய் என்றே நம்பினாள். அந்த நம்பிக்கையை நான்தான் உடைக்க வேண்டியிருந்தது.

"அது அவன்தாம்மா. போட்டோவுலதான் நான் மாத்தி வச்சேன்" என்றேன்.

காரியமெல்லாம் முடிந்தபின், கை வைக்காத படங்களைக் கேட்டாள். ஆறையும் அனுப்பினேன். நேற்றுப் பேசினாள்.

"வரிசையா வச்சுப் பாத்தேண்ணே. ரெண்டாவதுலயே தெரியுது. அப்பவே இதப் பாத்திருந்தா, பூசாத வீடே போதும், வந்துருங்கன்னு சொல்லியிருப்பேன்."

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை மாப்ளே. என்மேல் அதைவிட. அந்த இரண்டாவது படத்தை இப்போதும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்த அன்று உனக்கு இன்னும் நேரம் இருந்தது.