காவல்காரனின் முகத்தை மாற்றச் சொல்கிறார்கள், டீச்சர்

இன்று காலை கம்ப்யூட்டர் அறையைத் திறந்ததும் அந்த ஈரக் காற்றின் வாடைதான் முதலில் வந்தது, டீச்சர். கடல் காற்று பட்டுப் பட்டு எல்லாம் துருப்பிடிக்கிறது. "உப்பைப் பத்தி கேம் செய்யறோம்னு கடலுக்குத் தெரிஞ்சுபோச்சு சார், பழி வாங்குது" என்று சிரிப்பீர்கள். நீங்கள் போய் மாதக்கணக்காகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது. பாதியில் விட்டுவிட்டுப் போகிற வேலையா இது?

உங்கள் வரலாற்று வகுப்புக்காக நாம் இருவரும் செய்த விளையாட்டு. கடலோரத்தில் தானாக விளைந்த உப்பைச் சனங்கள் வரி கட்டாமல் அள்ளிவிடாதபடி, வெள்ளைக்காரன் வைத்த காவல்காரன் அதில் மண்ணைக் கலக்க வேண்டும். கலக்கக் கலக்கப் பாயிண்ட். ஆடுகிற பிள்ளைதான் காவல்காரன். "பசங்கள எதுக்குங்க கெட்டவனாக்கணும்? உப்பு அள்றவங்களா ஆடட்டுமே" என்று மல்லுக்கு நின்றேன். "அப்படி ஆடுனா அழுதுட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க. மண்ணு கொட்டுனவன் யாரு? நம்ம ஊரு ஆளு. எங்க கொள்ளுத் தாத்தா" என்றீர்கள். அவர் படம் எதுவும் இல்லை. உங்கள் முகத்தையே பார்த்து வரையச் சொன்னீர்கள். மூக்கு சரியாக வரும்வரை என்னை விடவில்லை.

முதல்முறை ஒன்பதாம் வகுப்பு ஆடியபோது பாயிண்டுக்காக அடித்துக்கொண்டார்கள். பாத்தியில் அழுக்குக் காலை வைத்தாலே வீட்டில் அடி வாங்குகிற மரக்காணத்து உப்பளப் பிள்ளைகள்! திடீரென்று ஒரு பெண் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "உப்புல மண்ணு போட்டா எங்கம்மா கையை ஒடிச்சிடும் மிஸ். போடாம இருந்தா என்ன ஆவும்?"

ஒன்றும் ஆகாது. விளையாட்டு அப்படியே நின்றுவிடும். மறுப்பவனுக்கு நான் வழியே வைக்கவில்லை. "அத செய்யுங்க சார். அதுக்குத்தான இவ்ளோ பாடு" என்றீர்கள். அந்த வாரமே உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீங்கள் உயிரோடு திரும்பவில்லை.

செய்துவிட்டேன். இப்போது மறுத்தால் காவல்காரனுக்கு வேலை போகும், அவன் வீட்டில் உலை ஏறாது. பிள்ளைகளில் சிலர் கலக்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள், அதற்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதைக் காட்ட வேண்டுமாம். "அந்தக் காவல்காரனுக்கு வெள்ளைக்காரன் மூஞ்சிய வச்சிடுங்க. ஊர்ல எதுக்கு வம்பு?" என்கிறார் தலைமையாசிரியர். அவர் பயமும் நியாயம்தான். அந்த வேலை பார்த்தவர்களின் பேரன் பேத்திகள் இங்கேதானே இருக்கிறார்கள். நேற்று மாற்ற உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து நின்ற அதே பெண், "சார், இவரு நம்ம மிஸ் மாரியே இருக்காரு" என்றாள்.

"மிஸ்ஸோட கொள்ளுத் தாத்தா."

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"அவங்கதான் வரையச் சொன்னாங்க."

"அப்ப நீங்க எதுக்கு சார் மாத்தறீங்க?"

மாற்றவில்லை, டீச்சர். வெள்ளிக்கிழமை யாராவது எழுந்து, இவன் யார் வீட்டு ஆள் என்று கேட்பார்கள். எடுத்துச் சொல்ல நீங்கள் இல்லை. உங்கள் வீட்டுப் பெயரை நான்தான் ஊரார் முன்னால் சொல்ல வேண்டும். எனக்கும் பயம்தான். ஆனாலும் சொல்லிவிடுவேன்.