நினைவில் வைத்த பாதை

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

ராயபுரம் பாலத்தில் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டன. ஆபீசுக்கு நாற்பது நிமிடம் தாமதம். என் மேலதிகாரி மதி அக்கா திட்டவில்லை. நான் எழுதிய மாற்றம் ஓடத் தொடங்கி மூன்று வாரம். அந்த மரியாதை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஃபைல்களைச் சேமிக்க நாங்கள் எழுதி விற்கும் மென்பொருள் லைப்ரரியில் ஒரு ஃபைலுக்குத் தன் பெயரும், தான் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்பதும் மட்டும்தான் தெரியும். முழுப் பாதை வேண்டுமென்றால் ஃபைலில் தொடங்கி, அதன் ஃபோல்டர், அதற்கும் மேல் ஃபோல்டர் என்று உச்சி வரை ஏறிப் பெயர்களைக் கோக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறுவானேன்? ஒருமுறை கட்டிய பாதையை நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். வேகம் இரண்டு மடங்கு. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எங்கள் லைப்ரரியை வாங்கிய முதல் இடம், துறைமுகத்தருகே, சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸ். அங்கே ஸ்கேன் மேசையில் இருக்கும் துரை அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஒரு கம்பெனியின் இன்வாய்ஸ் அதன் போட்டிக் கம்பெனியின் ஃபோல்டரில் கிடந்ததாம். வேண்டுமென்றே வைத்தார் என்று பேச்சு.

"சைமா, நம்ம பக்கம் ஏதாவது இருக்குமா?" என்றார் மதி அக்கா. இல்லை என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மனசு கேட்கவில்லை. கிளியரிங் ஆபீசுக்கு நேரில் போனேன். துரை அண்ணனுக்குப் பக்கத்து மேசை ஐரீன் காட்டினாள்.

"'கையில்'னு ஒரு ஃபோல்டர் கீது பாரு, இப்போ நடக்குற பார்ட்டியோட தாளெல்லாம் அதுல. லாரி கேட்டைத் தாண்டிச்சின்னா அதுக்கு லாரி நம்பர பேரா வெச்சிடுவோம். ஒடனே அடுத்த பார்ட்டிக்குப் புதுசா ஒரு 'கையில்'. துரைண்ணன் கொண்டாந்த வழி. பத்து வர்சமா இப்டித்தான் ஓடிகினு கீது."

கோளாறு என் மாற்றத்தில்தான். கடைசித் தாள் ஸ்கேனாகிச் சேமிப்பாகிக்கொண்டிருக்கும்போதே துரை அண்ணன் ஃபோல்டரின் பெயரை மாற்றியிருக்கிறார். பெயர் மாறினால் அந்த ஃபோல்டரின் பழைய பாதையை நினைவிலிருந்து அழிக்கிறேன் — உள்ளே இருக்கும் ஃபைல்களின் பாதையை? அழிக்கவே இல்லை. அந்தத் தாள் நினைவில் இருந்த பழைய பாதையிலேயே போய், புது 'கையில்' ஃபோல்டரில், அடுத்த பார்ட்டியின் தாள்களோடு விழுந்திருக்கிறது.

ஆபீசுக்கு வந்து அதே மாதிரி செய்து பார்த்தேன். ஏழாவது முறை அப்படியே விழுந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. அம்மா, இன்னாடி ஒரு மாதிரி கீற என்றார்கள். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

எதுக்கு பயப்படுறேன்? என் வேலை போனால் இன்னொன்று தேடலாம். அந்த மனுஷனுக்குத் துரோகிப் பட்டம் கட்டியிருக்காங்களே — அத யாரு கழட்டுறது?

மதி அக்காவிடம் சொல்லிவிட்டேன். முகம் கடுகடுத்தது. "வெள்ளிக்கிழமையே கேட்டேனே" என்றார். பிறகு, "நடந்தத எழுதிக் குடு, அவங்க முதலாளிகிட்ட நான் பேசுறேன். இனிமே அந்த வேகம் கிடைக்காது, தெரியும்ல?"

போகட்டும். இனி ஒவ்வொரு முறையும் உச்சி வரை ஏறும். எழுதி முடிக்கும் வரை வழியிலுள்ள எல்லா ஃபோல்டருக்கும் பூட்டு. பெயர் மாற்றம் காத்திருக்கட்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

புதியதைப் போட்டாயிற்று. ஆயிரம் முறை பெயர் மாற்றிப் பார்த்தேன். ஒரு தாள்கூடத் தவறவில்லை. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

துரை அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். போய் எதிரில் நின்று, தப்பு என்னுடையது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்கேனரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பன்னெண்டு நாளு வூட்லயே கெடந்தேம்மா. மூணு நாள்ல எனக்கே டவுட்டு வந்துட்ச்சி, நாமதான் மாத்தி வெச்சிட்டமோன்னு. பொண்டாட்டியாண்ட, ஆமா, நாந்தான் பண்ணிட்டேன் போலன்னு சொல்லிட்டேன். இப்போ இல்லன்னா நம்ப மாட்டேங்குது. வேல போயிடும்னு பேச்ச மாத்துறேனாம்."

அவர் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினார்.

"நீ ஒரு தபா வூட்டுக்கு வந்து அதாண்ட சொல்றியாம்மா?"

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் அவர் வீட்டுக்குப் போகிறேன்.