ஆணித் தலையில் விரல்

மார்ச் 3

வேலைக்குத் திரும்பினேன். ஆற்றுப் பாலம் அப்படியே இருக்கிறது. பாலங்களுக்கு போல்ட் போடும் வழக்கம் வராத காலத்தில், பழுக்கக் காய்ச்சிய ஆணிகளை அடித்துக் கட்டிய இரும்புப் பாலம். ஆணித் தலையின் ஒரு பக்கம் நான் விரலை வைப்பேன், மறுபக்கம் மைத்துனன் சுத்தியலால் தட்டுவான். தளர்ந்த ஆணி என்றால் விரலில் சின்னதாக அதிரும். சாக்பீஸால் வட்டம் போடுவேன். பின்னால் வருபவர்கள் அதை எடுத்துவிட்டு போல்ட் போடுவார்கள். மனைவி இருந்தபோதும் இதே வேலைதான்.

மார்ச் 5

மைத்துனன் பேசுவதில்லை. அவன் அக்காவை அடக்கம் செய்த அன்று நான் அழவில்லை. "கல்லுளிமங்கன் மாதிரி நின்னாரு" என்று அவன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அழத்தான் பார்த்தேன். வந்தால்தானே?

மார்ச் 6

மழை. வேலை இல்லை. பால்காரரிடம் பாலைக் குறைக்கச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. மிஞ்சியது திரிந்துவிட்டது. கொட்டினேன்.

மார்ச் 9

நடுத்தூண் பக்கம். தட்டினான், "சரி" என்றேன். தட்டினான், "சரி." ஓர் ஆணியில் நின்றுவிட்டான்.

"மாமா, கீழ பாருங்க."

தலைக்கடியில் துரு வழிந்து காய்ந்திருந்தது. ஆணி உள்ளே ஆடினால்தான் அப்படி வழியும். மறுபடி தட்டினான். ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

"அப்ப இதுவரைக்கும் சரி சரின்னதெல்லாம்?"

மேலே ஒரு பஸ் போனது. உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். ஐயோ, நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்?

மார்ச் 10

சூப்பர்வைசரிடம் நானே சொன்னேன்: நான் வந்த பிறகு பார்த்ததை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். லீவு போட்டுவிட்டு வீட்டிலிரு என்றார். வீட்டில் யாரைப் பார்க்க? மைத்துனன் குறுக்கே வந்தான்.

"நான் விரல் வைக்கறேன் சார். மாமா தட்டட்டும்."

சுத்தியலை என் கையில் கொடுத்தான்.

மார்ச் 12

அவன் விரலுக்கு எல்லாம் தெரிகிறது. நான் சரி என்று விட்டவற்றில் பல வட்டங்கள் விழுந்தன.

"மெதுவா மாமா. ஆணியத்தான் தட்டணும்."

சொல்லி வாய் மூடவில்லை, சுத்தியல் வழுக்கி அவன் கட்டைவிரலில் இறங்கியது.

"அக்கா!"

வலித்தால் எல்லோரும் அம்மா என்பார்கள். அவனை வளர்த்தது அவள்.

சாரத்துப் பலகையிலேயே உட்கார்ந்து அழுதேன். நிறுத்த முடியவில்லை.

"அடிபட்டது எனக்கு மாமா" என்றான், விரலை வாயில் வைத்துக்கொண்டே. பிறகு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மார்ச் 14

அவன் விரலில் கட்டு. வேறு வழியில்லை, நான் விரல் வைத்தேன். தட்டினான். சரி. தட்டினான். சரி. தட்டினான்.

"சாக்பீஸ் குடு" என்றேன்.

அது முந்தாநாள் அவன் வட்டம் போட்ட ஆணி. என்னைச் சோதிக்க வட்டத்தை அழித்து வைத்திருக்கிறான், திருட்டுப் பயல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோதுதான் சொன்னான். டீ போட்டேன். பால் இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது.