துவக்கு வாங்கட்டுமா என்று அப்பா கேட்டால்

கந்தப்பளை,
சித்திரை கடைசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஹம்சினிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் சுகம், கடையும் சுகம், அப்பாவின் வீம்பு எங்கள் எல்லாரையும் விட நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை கிஷாந்தும் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எனக்கு எப்போதும் யோசனை. கனடாவில் சித்திரையிலும் ஐஸ் கொட்டுகிறது என்று நீ அனுப்பிய படத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா காட்டி, நம்ம நுவரெலியா எல்லாம் ஒரு குளிரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கும்போதே இரண்டு சுவெட்டர் போட்டிருக்கிறார். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வாய்ஸ் அனுப்பலாம் என்றால் நான் குசுகுசுத்தாலும் முன்னால் கடை வரைக்கும் கேட்கிறது. இது அவர் காதில் விழக்கூடாத விசயம், அதனால் சமையலறையில் உட்கார்ந்து தாளில் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடு.

போன மாதம் நான் உன்னிடம், அப்பா சுடுகிறதற்குப் புதுத் துவக்கு வாங்கட்டுமா என்று கேட்டால் வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதை இப்போது மாற்றத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று மாப்பிள்ளையிடம் போய் நிற்காதே, முதலில் முழுவதும் படி.

பங்குனித் திருவிழாவில் வேட்டை அன்று நம் கடை உபயம். அம்மனைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் போய், நட்டு வைத்த வாழைக்கு முன்னால் நிறுத்தி, பூசாரி சூடம் காட்டியதும், உன் தாத்தா விட்டுப்போன ஒற்றைக்குழல் துவக்கை அப்பா வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒரு வெடி வைப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மன் வேட்டையாடி முடித்ததாக அர்த்தம், அதற்குப் பிறகுதான் சாமியைக் கோயிலுக்குத் திருப்பலாம். நீ சின்ன வயதில் காதைப் பொத்திக்கொண்டு என் சேலைக்குள் புகுந்துகொள்வாய். இந்த வருசம் நீ இருந்திருந்தால் காதைப் பொத்த வேலையே இருந்திருக்காது. சூடம் காட்டியாயிற்று, தப்பு அடிக்கிற மாயாண்டி அண்ணன் குச்சியை ஓங்கிக்கொண்டு நிற்கிறார், அப்பா நெஞ்சை நிமிர்த்தி விசையை இழுத்தார், துவக்கு டிக் என்றது. தோட்டாவை மாற்றிப் போட்டு மறுபடி இழுத்தார், மறுபடியும் டிக். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, இதுவும் சடங்குதான் என்று நினைத்து ஒவ்வொரு டிக்குக்கும் ஓம் சக்தி என்று கும்பிட்டார்கள். பனி இறங்கிவிட்டது, சாமி தூக்கினவர்கள் தோள் மாற்றி மாற்றி நிற்கிறார்கள், வேட்டை முடியாமல் அம்மனைத் திருப்பவும் முடியாது. கடைசியில் பூசாரியின் சம்சாரம் பொரி கொண்டுவந்த பாலித்தீன் பையை உதறி, ஊதி, வாயை முறுக்கி ஒரே அறை அறைந்தாள். டப் என்று கேட்டதும் மாயாண்டி அண்ணன் தப்பை அடித்துவிட்டார், அம்மனும் ஒத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அன்னதானச் சோறுகூடச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாளே கோயில் தலைவர் மயில்வாகனம் கடைக்கு வந்து, அடுத்த வருசம் துவக்கே வேண்டாம், போனில் வெடிச் சத்தம் இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் போச்சு என்று போட்டும் காட்டினார். வெடிச் சத்தத்தோடு குதிரை கனைக்கிற சத்தமும் வந்தது. நான் உள்ளே போய் வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது இந்த இரட்டைக்குழல் பைத்தியம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல் வைத்த புது வேட்டைத் துவக்கு, ஒன்று காலை வாரினாலும் மற்றது வெடிக்கும், மயில்வாகனத்தின் குதிரைக்கு வேலை இருக்காது என்பது அவர் கணக்கு. என்னிடம் நேராக அதைச் சொல்ல வெட்கப்பட்டு, உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பன்னி வருகிறது, அதற்குத்தான் என்றார். பன்னி வருவது உண்மைதான். ஆனால் அப்பா எந்தப் பன்னியைச் சுட்டார், சொல்லு. போன வருசம் ஒன்று பாத்திக்கு நடுவில் நின்று கிழங்கு தின்றபோது, குட்டி போட்டிருக்கும்போல, பசியாக இருக்கும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தவர் அவர். கடையில் இருந்த பிவிசி பைப் இரண்டைச் சேர்த்துக் கட்டி, கண்ணாடிக்கு முன்னால் தோளில் தூக்கித் தூக்கிப் பழகினார். ஆணி வாங்க வந்த மனிதர் ஒருவர் வாசலிலேயே கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் உன்னிடம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன், அதில் தப்பு என்ன இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கண்டியில் துவக்கு விற்கிற கடைக்குக் கிளம்பினார். பழைய துவக்கையும் லைசென்சையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார், நானும் தடுக்கிற எண்ணத்தோடு கூடவே பஸ் ஏறினேன். கடைக்காரர் வயதான சிங்கள மனிதர், நல்ல பொறுமை. முதலில் பழைய துவக்கை வாங்கித் திறந்தார். திறந்தவர் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் என்ன பூசினீர்கள் என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் என்றார் அப்பா, பெருமையாக. தை மாதம் சபரிமலைக்குப் போய் வந்ததில் இருந்து அப்பாவுக்கு ஆசாரம் கூடிவிட்டது என்று சொன்னேனே, சாமி காரியத்துக்குப் போகிற சாமானுக்கு மெசின் எண்ணெய் பூசக் கூடாது என்று அவராகவே முடிவு எடுத்துத் தேங்காய் எண்ணெயைக் குடம் குடமாக விட்டிருக்கிறார். கந்தப்பளையில் அந்தி நேரத்துப் பனியில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும், நீயே சொல். போத்தலை அடுப்போரம் வைத்து இளக்காமல் நீ ஒரு நாளாவது தலைக்கு வைத்துப் பள்ளிக்கூடம் போனதுண்டா. துவக்கின் வயிற்றுக்குள் அது வெள்ளையாக உறைந்துபோய், உள்ளே இருக்கிற சுத்தியலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. கண்டி வெக்கையில் பாதி இளகி அந்த மனிதரின் மேசையெல்லாம் ஒழுகியது. துடைத்து, சரியான எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, இதில் ஒரு குறையும் இல்லை, இன்னும் உங்கள் பேரன் காலம் வரைக்கும் வெடிக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அத்தோடு கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். வந்ததற்குப் புதிதை ஒரு தடவை தோளில் வைத்துப் பார்க்கிறேன் என்றார் அப்பா.

இதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நீ பயப்படாதே. அப்பா துவக்கைத் தோளில் வைத்து, சுவரில் இருந்த மணிக்கூட்டுக்குக் குறி பார்க்க இடது கண்ணை மூடினார். மூடியவர் அப்படியே நின்று, "என்னா, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார். கடையில் லைட் எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கடைக்காரர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். வலது கண்ணில் பார்வை அநேகமாக இல்லை ஹம்சி. இத்தனை நாளும் வானத்தைப் பார்த்தே சுட்டதால் அவருக்கும் தெரியவில்லை, பக்கத்திலேயே படுத்து எழும்புகிற எனக்கும் தெரியவில்லை. அடுத்த நாளே கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் புரை, ஆப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும், பெரிய விசயம் இல்லை என்றார். வைகாசியில் திகதி கொடுத்திருக்கிறார்கள். இது உனக்குத் தெரியக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார், வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுதமாட்டேன் என்று செய்யவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்தது. கரண்ட் போயிருச்சா என்று அப்பா நின்றாரே, அப்போது அந்தத் துவக்கைக் கீழே வைக்க இடம் இல்லாமல் என் கையில் கொடுத்தார். எதற்கென்று தெரியாமல் நானும் தோளில் வைத்துப் பார்த்தேன். பின்கட்டை தோளில் வந்து உட்கார்ந்தது, கன்னம் தானாகச் சாய்ந்தது, இரண்டு குழலுக்கும் நடுவில் ஒரு கோடு நேராக ஓடி நுனியில் ஒரு பித்தளைப் பொட்டு மினுங்குகிறது, அந்தப் பொட்டு மணிக்கூட்டின் நட்ட நடுவில் போய் நின்றது. என் கை ஆடவே இல்லை. கடைக்காரர் எழுந்து வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "நோனாட்ட ஹரியட்டம ஹரி" என்றார். எனக்கென்றே அளந்து செய்தது மாதிரி இருக்கிறதாம். இவ்வளவு வயதில் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்து இதுவரை அப்படிச் சொன்னதில்லை, சேலைக் கடையில்கூட இல்லை. பஸ்ஸில் வரும்போது அப்பா கண்ணை நினைத்து அழுதேன், நடு நடுவில் அந்தத் துவக்கை நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது அப்பா அடியோடு மாறிவிட்டார். பழைய துவக்கு சரியாகிவிட்டது, கண்தான் சரியில்லை, அதனால் புதிதும் வேண்டாம், வேட்டும் வேண்டாம், மயில்வாகனம் குதிரையை ஓட்டட்டும் என்கிறார். பைப்பையும் அவிழ்த்து விற்றுவிட்டார். எனக்கு அதைப் பார்க்கத்தான் மனசு தாங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் கிராம சேவகரிடம் விசாரித்தேன். என் பெயரில் லைசென்சுக்கு எழுதிப் போடலாமாம், டாக்டரிடமும் பொலிசிலும் துண்டு எழுதி வாங்க வேண்டுமாம், கொஞ்சம் இழுக்கும் ஆனால் அடுத்த பங்குனிக்குள் முடியும் என்றார், சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பூசாரியின் சம்சாரத்திடமும் மெல்லக் கேட்டேன், பொம்பளை வெடி வைத்தால் கோயிலில் பேச்சு வருமா என்று. அவள் பூக் கட்டிக்கொண்டே, "வேட்டைக்குப் போறது யாரு, மயில்வாகனமா? நம்ம ஆத்தாதானே போறா. நீங்க சுடுங்கக்கா" என்று சொல்லிவிட்டாள். கண்டிக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரைக்கும் அந்தத் துவக்கை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்.

இப்போது நடக்கப் போவது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னைக் கூப்பிட்டு, துவக்கு வேண்டாம்தானே மகள் என்று கேட்பார். நான் சொன்னால் ஒரு மாதத்துக்கு வாதாடுவார், நீ சொன்னால் அன்றைக்கே முடிந்துவிடும். வாங்குங்கள் என்று சொல். வெடி வைக்கிறவர் பக்கத்தில் நின்று சூடம் பார்த்து நேரம் சொல்ல ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், அது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றும் சொல், அதுவும் பொய் இல்லை. மாப்பிள்ளையிடம் என் வணக்கத்தைச் சொல்லு, காதை மூடுகிற தொப்பி போடாமல் வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லு. அம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருப்பாள், குறையில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. பன்னிக்கு வாங்குங்கள், கோயிலுக்கு வாங்குங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே. கல்யாணம் முடித்து வந்த நாளில் இருந்து எனக்கு என்று வாங்கியது எல்லாம் குக்கர், கிரைண்டர், தையல் மெசின், எல்லாம் வீட்டுக்குத்தான். என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இது எனக்கு வேண்டும் ஹம்சி. அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று சொல்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
மு. நாகலெட்சுமி