காலையில் வரும் ஏழு எழுத்துகள்

போலீஸ் அவுட்போஸ்ட்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள செல்விக்கு,

பென்னி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் குட்டி பெனிட்டாவும் அம்மாவும் மாதாவின் காவலில் நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

கடல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நாளை ரேஷன் படகு வரும் என்கிறார்கள். திரும்பும்போது ஒருவருக்குத்தான் அனுமதி. அந்த ஒருவன் நான் இல்லை. மாற்று ஆள் வரும்வரை எனக்கும் எங்கள் வங்காளி இன்சார்ஜ் பிஸ்வாஸ் தாதாவுக்கும் இதே தீவுதான். படகில் வருவது என்னோடு இருக்கும் சௌல்தாரி ஊர்ப் பையன் தினேஷ்குமார். அவன்தான் நம் வண்டூர் வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை உன்னிடம் தருவான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அரிசி, பருப்பு இருக்கிறது, மீன் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் மழை பிடித்ததிலிருந்து மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே காலம் போகிறது. பின்னால் காடு, முன்னால் அலை. போன் டார்ச் அடிக்க மட்டும்தான் உதவும். வெளியுலகம் என்றால் வயர்லெஸ் செட் ஒன்றே.

அதில் ஒரு விளையாட்டு உண்டு. போர்ட் பிளேர் கன்ட்ரோலில் முருகானந்தம் சார் என்று ஒருவர். காலையில் வானிலை சொல்லி முடித்ததும் ஏழு ஆங்கில எழுத்து கொடுப்பார். அவற்றில் ஒன்று கட்டாயம் வரும்படி சொற்கள் கண்டுபிடித்து, சாயங்காலம் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். மனிதர் ஈவிரக்கமே இல்லாதவர். ஒருநாள் கே, வி, ஒய், ஜி, ஏ, ஓ, ஈ என்று கொடுத்து, வி இல்லாத சொல் செல்லாது என்றார். நானும் தாதாவும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். துணி உலர்த்திக்கொண்டிருந்த தினேஷ் திரும்பிக்கூடப் பார்க்காமல் 'வாயேஜ்' என்றான். கடற்பயணம்! இந்தப் பாறையில் உட்கார்ந்துகொண்டு. மூவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

போன மாதம் ஒரு காலையில் தாதா என்னை ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். தினேஷின் அப்பா கண்ணையா மாரடைப்பில் போய்விட்டதாகக் கன்ட்ரோலிலிருந்து செய்தியாம். இந்தக் கடலில் படகும் வராது, ஹெலிகாப்டரும் வராது. சொன்னால் பையன் எங்கள் சின்ன டிங்கிப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான், அதனால் வாயைத் திறக்காதே என்று உத்தரவு. நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அதே நாள் முருகானந்தம் சார் கொடுத்த எழுத்துகள்: எஸ், டி, ஏ, ஆர், ஈ, எல், என். கட்டாய எழுத்து ஈ. குழந்தைகூட ஒரு பக்கம் எழுதும். என் கண்ணில் முதலில் பட்டது 'லேட்'. செத்தவர் பெயருக்கு முன்னால் போடுகிறோமே, அந்தச் சொல்தான். நான் அதை எழுதவில்லை. தினேஷ் எழுதினான். அடுத்து ரெஸ்ட், ஈஸ்ட், லேர்ன் என்று கடகடவென்று போனவன், பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, முருகானந்தம் சார் எதுக்கு இன்னிக்கு நம்ம மேல பாவப்படுறாரு?" என்று கேட்டான்.

நான் அடுப்பைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவன் எழுந்து கரைக்கு ஓடினான். நான் போய்ச் சேர்வதற்குள் டிங்கியின் கயிற்றை அவிழ்த்துவிட்டான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தில் ஓங்கி அடித்தான். ஒரு அலை வந்து டிங்கியைப் புரட்டி எங்கள் இருவரையும் மணலில் உருட்டிப் போட்டது. அப்புறம் அவன் எழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அப்பாவா?" என்றான். தலையாட்டினேன். "யாரு கொள்ளி வச்சா?" என்றான்.

எனக்குத் தெரியாது, செல்வி. தாதா செட்டில் கூப்பிட்டுக் கேட்டார். பதில் வர நேரமாயிற்று. தங்கை ஸ்வப்னாவின் வீட்டுக்காரர் வைத்ததாகச் சொன்னார்கள். தினேஷ் போய் ஈரத்தோடு படுத்துக்கொண்டான்.

மறுநாள் முருகானந்தம் சார் வானிலையை மட்டும் சொல்லி முடிக்கப் பார்த்தார். தினேஷ் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். "சார், அக்ஷர் தோ. முஷ்கில் வாலா தேனா" என்றான். எழுத்து கொடுங்கள், கஷ்டமானதாகக் கொடுங்கள் என்று. அவர் ஜே, எக்ஸ் என்று ஆரம்பித்தார். அன்றைக்கு எங்களுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. சாயங்காலம்வரை முயன்றான் தினேஷ்.

அவன் வந்தால் சோறு போடு. அப்பாவைப் பற்றி எதுவும் கேட்காதே. என்னை அடித்ததைச் சொல்லி அழுதால், அது எப்போதோ ஆறிவிட்டது என்று சொல்.

இனி நம் வீட்டு விஷயம். மார்பில் கட்டி என்று நீ ஆஸ்பத்திரிக்குப் போனது நான் கப்பல் ஏறிய வாரம். ரிசல்ட் என்ன என்று செட்டில் இரண்டு தடவை கேட்டேன். 'ஃபேமிலி ஓகே' என்று பதில் வந்தது. அது கன்ட்ரோலின் வார்த்தை, உன்னுடையது இல்லை. முன்பெல்லாம் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது முடியவில்லை. இவர்கள் என்னிடமும் இரக்கம் காட்டுகிறார்களோ என்று ஒவ்வொரு குரலையும் உற்றுக் கேட்கிறேன்.

நான் எந்தக் கயிற்றையும் அவிழ்க்க மாட்டேன், சத்தியம். எதுவானாலும் உன் கையால் எழுதி அடுத்த படகில் அனுப்பு. நல்லதென்றால் ஒரு வரி போதும். இல்லையென்றால் முழுதாக எழுது. நான் இங்கே தனியாக இல்லை. நீயும் அங்கே அதைத் தனியாக வைத்துக்கொண்டிருக்காதே.

பெனிட்டாவின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடு. அம்மாவுக்கு என் தோத்திரம். ஆண்டவர் உன்னைத் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும்.

உன்,
பென்னி