சபியா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

ஜூன் 21, திங்கள்
கச்சான் காற்று. வளவெல்லாம் மணல். காயப்போட்ட துணி பக்கத்து வளவில்.

நஸீறா பள்ளிக்கூடத்திலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த நிந்தவூர் மாஸ்டர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டாராம். ஒவ்வொரு சோடியும் ஊரில் ஒரு விஷயத்தைத் தேடிப் பார்த்து, ஆட்களிடம் கேட்டு, தாங்களே எழுத வேண்டும். அடுத்த திங்கள் உம்மா வாப்பாமாருக்கு முன்னால் வாசிப்பு. என் மகளின் சோடி, கடற்கரை ஒழுங்கையில் இருக்கும் சபியா. விஷயம்: ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்?

சபியாவின் உம்மா ஹாஜறா. என்னோடு வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவள். அவளை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்துவிட்டார்கள். நான் எட்டு வரை.

"நம்மட வீட்டிலயே இருந்து எழுதுங்க மகள். மேசை இரிக்கி, லாம்பு இரிக்கி."
"ஓம் உம்மா."

ஜூன் 22, செவ்வாய்
காற்று குறையவில்லை. பகலைக்கு வெண்டிக்காய் ஆணம், சூடைமீன் பொரியல்.

பின்னேரம் இரண்டு பேருக்கும் ரொட்டி சுட்டு, தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர் ந. மட்டும் வந்தாள். பாவாடையெல்லாம் மணல். ஹாஜறா மாமி வீட்டு முற்றத்தில் கிணறுகளைப் படமாகக் கீறிப் பார்த்தார்களாம். இவர்கள் சத்தம் போட்டாலும் ஹாஜறா மாமி ஏசமாட்டாவாம். மீன் வெட்டிக்கொண்டே பாட்டுப் படிப்பாவாம். பேன் பார்த்துவிட்டாவாம்.

என் பிள்ளையின் தலையில் பேனா? கிழமைக்குக் கிழமை நான் பார்க்கிறேன்.

ரொட்டியை அவர், ந.வின் வாப்பா, கந்தோர் வேலை முடிந்து வந்து தின்றார். "நல்லாரிக்கி" என்றார். யாருக்குச் சுட்டது என்று கேட்கவில்லை.

ஜூன் 24, வியாழன்
செய்ய: அரிசி ஊறப்போட. ந. சட்டைக்குப் பித்தான் தைக்க. கோழிக்கூட்டுக் கதவு.

காலையில் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டும் சிரட்டையோடு வந்தன. கடற்கரையிலிருந்து வயல் பக்கம் வரைக்கும் வீடு வீடாகத் தண்ணீர் குடித்துப் பார்க்கிறார்களாம். நம் கிணற்றில் அள்ளி ஒருத்தி குடித்தாள், மற்றவளிடம் நீட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உப்பு" என்றாள் சபியா.
"ஓம், உப்புத்தான்" என்றாள் என் மகள். இந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவள்!

"அப்ப எந்தக் கிணறு நல்லம்?"
"ஹாஜறா மாமிடதான் உம்மா. கடலுக்குப் பக்கத்தில, ஆனா நல்ல இனிப்பு."

கடலுக்குப் பக்கத்தில் இனிப்புத் தண்ணீர். அதுவும் அவளுக்கு.

"ஒருதரம் குடிச்சாப் போதுமா? தண்ணி நேரத்துக்கு நேரம் மாறும். பின்னேரம் வந்து பாருங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

தெரியும்.

பகல் ளுஹர் தொழுததும் ஒரு வாளி அள்ளி வைத்தேன். சீனி கொஞ்சம் போட்டேன். குடித்துப் பார்த்து இன்னும் கொஞ்சம். வந்தார்கள். குடித்தார்கள்.

"உம்மா! இனிக்கிது!"

ந. என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இந்தக் கிழமைக்கு முதல் தடவை. சபியா சிரட்டையை நக்கினாள்.

ஜூன் 25, வெள்ளி
வெக்கை. மனம் சரியில்லை. யாஸீன் ஓதினேன். வாளி வைத்த இடத்தில் எறும்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவரிடம் சொல்லவில்லை.

"ஏன் உம்மா பின்னேரம் மட்டும் இனிக்கிது?"
"போய்ச் சோறு தின்னு."

தின்றுவிட்டுச் சபியா வீட்டுக்கு ஓடிவிட்டாள். இதையே அங்கே யோசிப்பார்கள். இரண்டு தலையும் ஒன்றாக, ஹாஜறாவுக்குப் பக்கத்தில்.

ஜூன் 28, திங்கள்
பள்ளிக்கூட வாசிப்பு. பெண்களுக்குத் திரை கட்டியிருந்தார்கள். ஹாஜறா தேடி வந்து என் பக்கத்தில் இருந்தாள். "நம்மட புள்ளைகள் கெட்டிக்காரிகள், என்னகா" என்று கையைப் பிடித்தாள். நம்மட. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

இரண்டும் ஆளுக்கொரு வரியாக வாசித்தன. முடிவில்: "நஸீறா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் காலையில் உப்பு. பின்னேரம் இனிப்பு. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம்."

மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்கும் தெரியாத புதினம். நாளைக்குப் பின்னேரம் வகுப்போட போய்ப் பாப்பம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூன் 29, செவ்வாய்
கிணற்றுக்கே சீனி கொட்டலாமா என்றுகூட யோசித்தேன். மூட்டைக் கணக்கில் வேண்டும். பைத்தியம்.

வந்துவிட்டார்கள். மாஸ்டர், வகுப்பு, பின்னால் ஹாஜறா. மாஸ்டர் தன் கையாலேயே அள்ளிக் கொடுத்தார். நான் குசினி வாசலில், முக்காட்டைப் பிடித்தபடி.

"உப்பு!"
"சரியான உப்பு சேர்!"
"பொய் எழுதியிருக்காளுகள்."

சபியா விடவில்லை. "அல்லாஹ்வாணை இனிச்சது. ரெண்டு பேரும்தான் குடிச்சம்." என் மகள் சிரட்டையைப் பார்த்தபடி அழுதாள். சபியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொய்க்காரி, பொய்க்காரி" என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"புள்ளைகள் பொய் சொல்லல்ல. நான்தான் வாளியில சீனி போட்டன்" என்றேன்.

என் குரல்தானா என்றிருந்தது. மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். "சரி, காரணம் தெரிஞ்சிட்டு. வாங்க போவம்" என்று வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். பொய்க்காரி என்றவனை மட்டும் வாசலில் நிறுத்தி, இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

இந்த இரண்டும் போகவில்லை. ஹாஜறாவும் போகவில்லை. சபியா கொப்பியை விரித்து, பென்சிலை நாக்கில் நனைத்தாள்.

"ஏன் மாமி போட்டீங்க? எழுத வேணும்."

கேலி இல்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருக்கிறாள். ந.வும் காத்திருக்கிறாள்.

ஹாஜறாதான் சொன்னாள். "தன்ட கிணறும் இனிக்க வேணும் எண்டு ஆசைப்பட்டிருப்பா புள்ள. அப்பிடி எழுதுங்க."

சிரிக்கவில்லை அவள். சிரித்திருந்தால் வெறுத்திருக்கலாம். சரியான பதில். அதையும் அவளே சொல்லிவிட்டாள்.

இரண்டும் தரையில் குப்புறப் படுத்து எழுதின. மேசை சும்மா கிடந்தது. பாதியில் ந. பென்சிலை நிறுத்தி ஹாஜறாவைப் பார்த்தாள். ஹாஜறா கையை விரித்தாள். ந. என் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, ‘இனிக்க’வுக்கு எந்த ‘ன’?"

"ரெண்டு சுழி" என்றேன்.