ஒரே கட்டாகக் கட்டிய கேபிள்கள்

ஓசூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள சுவாதி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஜெர்மனியில் நீ சுகமாகத்தான் இருப்பாய். இங்கே சென்னம்மாளுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

தளியிலிருந்து ஷிப்டுக்கு வரும்போது நம் இருவருக்கும் பூ கொண்டுவருவாளே, அவள்தான். தகடு அழுத்தும் பிரஸ்ஸில் தகட்டை வைக்கும்போது மிஷின் தானாக இறங்கிவிட்டது. “பட்டனத் தொடவே இல்லீங்க மேடம்” என்று அழுகிறாள். அவள்தான் அமுக்கினாள் என்று சாதிக்கிறது நிர்வாகம். அதற்கு நீதான் சாட்சி! அந்த மிஷினின் மின் பேனலை வடிவமைத்தவள் என்று வீடியோவில் உன்னைக் கேட்டார்கள். மீட்டரில் எல்லாம் சரி, சர்க்யூட்டில் பழுதில்லை என்று சொல்லிவிட்டாய். எப்படியடி மனசு வந்தது?

அவர்கள் மீட்டர் வைத்தது பக்கத்துக் கன்வேயர் மோட்டாரை நிறுத்திவிட்டு. அதை ஓடவிட்டு, மின்னலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பை நான் மாட்டிப் பார்த்தேன். மோட்டார் வேகம் எடுக்கும்போதெல்லாம், யாரும் தொடாமலேயே பட்டன் ஒயரில் சிக்னல் எகிறுகிறது. மோட்டார் கேபிளையும் பட்டன் கேபிளையும் பிரித்துத் தள்ளிப் போட்டேன், நின்றுவிட்டது.

உன் வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே வெறும் வெள்ளைத்தாள். தொழிற்சாலையில் அது வெறும் இடமா? மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுப் பாய்ந்தால், சுற்றிலும் மின்காந்தப் புலம் மாறிக்கொண்டே இருக்கும். ஒட்டிக் கிடக்கிற ஒயரில் அது தொடாமலேயே மின்னழுத்தத்தை உண்டாக்கும். அங்கே ஓம் விதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன கிழிக்க முடியும்? கல்லூரியில் இந்தப் பாடத்தை எனக்குப் புரியவைத்தவளே நீதான். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டச் சொன்னதும் நீதான்.

திங்கட்கிழமை கடைசி விசாரணை. அவளுடைய கவனக்குறைவு என்று முடிவானால் வேலையும் போகும், நஷ்டஈடும் கிடையாது என்கிறார்கள். ஸ்கோப்பில் வந்ததை மேனேஜர் பாஸ்கரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சுவாதியே சொல்லியாச்சு, அப்புறம் நீ யார் என்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உன்மேல் அவளுக்குத் துளிக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “சுவாதி மேடமே சொன்னா செரியாத்தான் இருக்கும். நானேதான் தெரியாம அமுக்கிட்டனோ என்னமோ” என்கிறாள்.

திங்கட்கிழமைக்குள் வாயைத் திற, சுவாதி. பாஸ்கரனிடம் பேசு, அப்புறம் அவளிடம் பேசு. உன் இரண்டு கைகளும் என்றைக்கும் நன்றாக இருக்கட்டும்.

லாவண்யா